கன்னத்தில் பட்ட குளிர்

கார்காலம் தன் எல்லை கடந்தும் விடைபெற மனமின்றி நின்றது. இடித்து முழங்கிப் பெய்து ஓயும் மழையின் வீறு அதற்கு எப்போதோ அடங்கிவிட்டது. துயருற்ற ஒருவர் எவரிடமும் சொல்லாது வடிக்கும் கண்ணீரைப் போல, கூரைகளின் விளிம்பிலும் இலைகளின் நுனியிலும் ஓசையின்றிச் சொட்டிக்கொண்டே இருந்தது. நண்பகலிலேயே தெருவிளக்குகள் எரிந்தன. கொடியில் போட்ட துணியை மூன்றாம் நாளும் ஈரத்தோடுதான் மடித்தார்கள். கதவுகள் பருத்து நிலையோடு மல்லுக்கு நின்றன. தீக்குச்சி உரசினால் பொரியவில்லை. உப்புச் சாடியில் நீர் கசிந்தது. உலரவேண்டியது எதுவோ அது உலராமலும், ஆறவேண்டியது எதுவோ அது ஆறாமலும் நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன.

அந்த ஓயாத மழையின் ஐந்தாம் வாரத்தில், ஒரு பழைய அச்சகக் கட்டடத்தின் பின்னறையில், அவள் தன் முதற்கிண்ணத்தைச் செய்து முடித்தாள்.

அவள் செவிலி. மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளைப் பேணும் பகுதியில் இருபத்தாறு ஆண்டுகள் பணி செய்தவள். கருவிகள் மலிந்த இடத்திலும் அவள் கைக்குத் தனியொரு மதிப்பு இருந்தது. உள்ளங்கால் இரண்டையும் விரலால் வருடி, "இந்தப் பிள்ளைக்குப் பால் பத்தல" என்பாள். எடைபோட்டுப் பார்த்தால் அது சரியாக இருக்கும். இளைய செவிலியர் அவளைக் கேலியாக 'நடமாடும் தெர்மாமீட்டர்' என்பார்கள். அந்தக் கேலியை அவள் ஒரு பட்டம்போல அணிந்திருந்தாள்.

ஏழு மாதங்களுக்கு முன் ஒரு பிற்பகல் அந்தப் பட்டம் பறிபோயிற்று. பிறந்து இரண்டு நாளான ஆண்குழந்தை. இரண்டு மணிக்கு அவள் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த தொட்டிலுக்கு நகர்ந்தாள். நான்கு மணிக்குக் குழந்தை பால் குடிக்க மறுத்தது. ஐந்து மணிக்கு அதன் உதடுகள் நிறம் மாறின. இரத்தத்தில் ஏறிய நோய்த்தொற்று மூளையைத் தொட்டிருந்தது. மூன்று வாரம் போராடிக் குழந்தை பிழைத்தது. ஆனால் அதன் இரண்டு செவிகளும் கேட்கும் திறனை இழந்தன.

விசாரணை இரண்டு நாள் நடந்தது. "தொட்டுப் பாத்தேன். வித்தியாசமா எதுவும் தெரியல" என்று அவள் சொன்னாள். உடல்வெப்பத்தை அளக்கவேண்டிய நேரம் நான்கு மணிதான் என்பதால் அவள்மீது குற்றமில்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். கோப்பு மூடிய அன்று மாலை அவள் கையிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளை நழுவியது. மறுநாள் இன்னொன்று. பணிக்குப் போய்த் தொட்டிலின் பக்கம் நின்றால் விரல்கள் நடுங்கின. நீண்ட விடுப்பில் வீட்டுக்கு வந்தாள். தன் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உட்காரும் பழக்கமும் அவளோடு வந்தது.

அவளை வாட்டியது அது மட்டுமன்று. மகள் கருவுற்றிருந்தாள். "அம்மா, பிறந்ததும் முதல்ல நீதான் கையில வாங்கணும்" என்று ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் சொன்னாள். "சரி" என்று அவளும் சொன்னாள். தொலைபேசியை வைத்ததும் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மனநல மருத்துவர்தான் அந்த வழியைக் காட்டினார். "கையால எதையாவது செய்யுங்க. கெட்டுப்போனா யாருக்கும் வலிக்காத எதையாவது" என்றார்.

அவள் கணவர் பள்ளியில் கணக்கு ஆசிரியர். அவர்தான் மண்பாண்ட வகுப்பின் பலகையைப் பார்த்து வந்து சொன்னார். "மண்ணு தானே? கீழ விழுந்தா மண்ணு மேலதான் விழும். தைரியமா போ."

அச்சகத்தின் சுவர்களில் இன்னும் மையின் கறை இருந்தது. சக்கரங்கள் ஐந்து, ஓரத்தில் மின்சூளை ஒன்று, சுவர் நெடுக மரத்தட்டுகள். அங்கே எல்லோருக்கும் இளையவள் ஆசிரியைதான், இருபத்தெட்டு வயதிருக்கும். வந்தவர்கள் அவளை 'டீச்சர்' என்றார்கள். அவள் அவர்களை அக்கா, அண்ணா என்றாள். செவிலியின் பக்கத்துச் சக்கரத்தில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் அமர்வார். அவர் பெயரை எவரும் கேட்கவில்லை. 'டிரைவர்' என்பதே போதுமாக இருந்தது.

"முப்பத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச கை சிஸ்டர் இது. மலைப்பாதையில ரிவர்ஸ் எடுத்திருக்கேன். இந்த ஒரு சாண் சக்கரம் என்ன மதிக்க மாட்டேங்குதே!" என்று முதல் நாளே புலம்பினார்.

"நீங்க திருப்புறீங்கண்ணா. அத திருப்பக்கூடாது. அது சுத்தும், நீங்க அசையாம இருக்கணும்" என்றாள் ஆசிரியை.

"அசையாம இருக்கறதா? எங்க வீட்டம்மா கேட்டா சிரிப்பா. நான் தூக்கத்துலயே கியர் மாத்துறவன்."

செவிலி சிரித்துவிட்டாள். அந்தப் பிற்பகலுக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல். சிரித்த பிறகு, ஏதோ தகாதது செய்துவிட்டவள்போலத் தலைகுனிந்து மண்ணைப் பிசைந்தாள்.

டிரைவர் செய்ய முயன்றது ஒரே பொருள்தான். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, அடி அகன்று, வாய் சற்றே உட்குவிந்த ஒரு குவளை. அவர் மனைவிக்குக் கைநடுக்க நோய். "நாலு பேர் முன்னாடி அவ டம்ளர தொடமாட்டா. காப்பி குடிக்கிறியான்னா இப்பதான் குடிச்சேம்பா. பொய்யி. சிந்திடும்னு பயம்" என்றார் ஒரு நாள், மண்ணைப் பார்த்தபடி. "கடையில பிளாஸ்டிக்ல விக்கிறான். வாங்கிட்டுப் போனேன். 'என்ன பச்சப்புள்ளன்னு நெனச்சீங்களா'ன்னு தூக்கி எறிஞ்சுட்டா. நல்லா எறிஞ்சா சிஸ்டர்! அந்த நேரத்துல மட்டும் கை நடுங்கவே இல்ல."

ஆறு குவளைகள் கெட்டன. ஒன்று கோணியது, ஒன்றன் கைப்பிடி உலரும்போதே விண்டு விழுந்தது. ஏழாவது தேறியது. அதைத் தட்டில் வைத்துவிட்டுப் பத்து நாளும் வந்து வந்து பார்த்தார். "டிப்போவில புது வண்டி வந்தா இப்படித்தான் சுத்திச் சுத்திப் பாப்போம்" என்றார்.

செவிலியின் கிண்ணம் அத்தனை அழகில்லை. சுவர் ஒருபுறம் தடித்து, அடி இரண்டு விரற்கடைப் பருமனாக நின்றது. எனினும் அது நின்றது. அதைச் சக்கரத்திலிருந்து கம்பியால் அறுத்து எடுத்தபோது அவள் கைகள் நடுங்கவில்லை. தட்டுவரை கொண்டுபோய் வைத்தபிறகே அதை அவள் உணர்ந்தாள்.

அன்று மாலை வீட்டின் வழிபாட்டு மூலையில் அவள் நெடுநேரம் நின்றாள். அவள் இறைவனிடம் எதையும் கேட்டுப் பழகியவள் அல்லள். நாளும் இரண்டு துதிகளைச் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடியவள். அன்று கேட்டாள். இந்தக் கிண்ணம் தீயில் வெந்து முழுதாக வெளிவருமானால், என் மகள் பெறும் பிள்ளையை என் கையில் வாங்குவேன். வரவில்லையானால் தொடமாட்டேன். அதற்குமேல் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

இதை அவள் எவரிடமும் சொல்லவில்லை.

சூளை மாதத்துக்கு ஒருமுறைதான் ஏற்றப்படும். மகளின் பேறுகாலத்துக்கு இன்னும் மூன்று வாரம். இந்த முறை கிண்ணம் சூளையேறாவிட்டால் அடுத்த முறைக்குள் பிள்ளை பிறந்துவிடும். ஆகவே அந்த வெள்ளிக்கிழமை காலை அவள் எல்லோருக்கும் முன்பே வந்து காத்திருந்தாள்.

ஆசிரியை ஒவ்வொரு பொருளையும் அவரவர் கையில் கொடுத்தாள். "கன்னத்துல வெச்சுப் பாருங்க. உள்ள ஈரம் இருந்தா சில்லுனு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கன்னத்துக்குத் தெரியும். ஈரத்தோட உள்ள போனா தண்ணி ஆவியாகி வெடிக்கும். அது மட்டும் வெடிக்காது, பக்கத்துல இருக்கறதையும் ஒடைக்கும். இந்த மழையில ரொம்ப கவனம்."

"நீங்களே பாத்துச் சொல்லிடுங்களேன் டீச்சர்" என்றார் டிரைவர்.

"உங்க சாமான் உங்க கன்னம். நானே சொல்லிட்டிருந்தா நீங்க எப்பண்ணா கத்துக்கறது?"

டிரைவர் தம் குவளையைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினார். "காஞ்சு கருவாடா இருக்கு. ஏத்துங்க."

செவிலி தன் கிண்ணத்தை எடுத்தாள். சுவர்ப்பகுதி அறையின் காற்றைப் போலவே இருந்தது. கவிழ்த்து அடிப்பகுதியைக் கன்னத்தில் வைத்தாள். அங்கே ஒரு காசு அகலத்துக்குக் குளிர் இருந்தது. கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோன்ற குளிர். மெல்லியது, ஆனால் ஐயத்துக்கு இடமற்றது.

மழைக்காலம், என்று அவள் தனக்குள் சொன்னாள். இந்த அறையே குளிராகத்தானே இருக்கிறது. என் கன்னம்கூடக் குளிர்ந்துதான் இருக்கிறது.

"என்னக்கா, எப்படி இருக்கு?"

"காஞ்சிருச்சு" என்றாள்.

ஆசிரியை அதை வாங்கி நடுத்தட்டில், டிரைவரின் குவளைக்குப் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டும் ஜோடியா போகட்டும்" என்றார் டிரைவர். சூளையின் கதவு மூடிற்று.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சூளையைத் திறந்தபோது அறையில் ஆறுபேர் இருந்தார்கள். நடுத்தட்டு முழுவதும் ஓடுகள். கிண்ணத்தின் அடி பொடிப்பொடியாகச் சிதறியிருந்தது. அதன் சுவரில் ஒரு துண்டு மட்டும் உள்ளங்கை குவித்தாற்போல வளைந்து கிடந்தது. குவளையின் வயிற்றில் பெரிய வாய் பிளந்திருந்தது. அதன் கைப்பிடிகளில் ஒன்று தனியே தெறித்துத் தட்டின் மூலையில் கிடந்தது.

டிரைவர் அந்தக் கைப்பிடியை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தார். அவர் கைக்கு அது மோதிரம்போலச் சிறியதாக இருந்தது. அவர் மனைவியின் விரலுக்கு அளவெடுத்துச் செய்தது.

"என் தப்புதான்" என்றாள் ஆசிரியை. "ஈரக்காலம்னு தெரிஞ்சும் சூட்ட வேகமா ஏத்திட்டேன். இன்னும் மெதுவா விட்டிருக்கணும். மன்னிச்சிருங்கண்ணா."

"விடுங்க டீச்சர். வண்டி கவுந்தா டிரைவர் மேலதான் கேஸ் எழுதுவான். ரோட்டு மேல எழுத மாட்டான்" என்று டிரைவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "இன்னிக்கு வீட்டுக்கு ரெண்டு பேர் வராங்க, அவங்க முன்னாடி இந்தக் குவளையில காப்பி குடிக்கலாம்னு சொன்னேன் அவகிட்ட. பரவால்ல."

செவிலி தன் ஓடுகளைத் துணிப்பையில் அள்ளிக்கொண்டு மழையில் நடந்தாள். குடை கையில் இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை.

வீட்டில் கணவர் விடைத்தாள்கள் திருத்திக்கொண்டிருந்தார். நனைந்து நின்றவளைப் பார்த்துத் துண்டை எடுத்து வீசினார். துண்டும் ஈரம். அதை முகத்தில் ஒற்றினாள். ஈரத்துணி கன்னத்தில் பட்டது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு பிற்பகல், இரண்டு மணி, தொட்டிலுக்கு மேல் மின்விசிறி சுழலும் ஓசை. அவள் குனிந்து குழந்தையின் கன்னத்தில் புறங்கையை வைக்கிறாள். பிறகு உள்ளங்காலில். குளிர். மெல்லியது, ஆனால் ஐயத்துக்கு இடமற்றது. பக்கத்துக் கட்டிலில் குழந்தையின் தாய் கேட்கிறாள்: "என்ன சிஸ்டர், சில்லுனு இருக்கானா?" இவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டே சொல்கிறாள்: "ஒண்ணும் இல்லம்மா, ஃபேன் காத்து."

"என்னாச்சு? ஏன் இப்படி நிக்கிற?" என்று கணவர் எழுந்து வந்தார்.

"என் கை பொய் சொல்லலைங்க."

"என்ன சொல்ற?"

"அன்னிக்கு அந்தப் பிள்ள குளிர்ந்துதான் இருந்தது. எனக்குத் தெரிஞ்சது. பச்சப்பிள்ளைக்கு நோய் வந்தா சில சமயம் உடம்பு சுடாது, குளிரும். புதுசா வர பொண்ணுங்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம். தெரிஞ்சும் ஃபேன் காத்துன்னு சொன்னேன். அன்னிக்கு ஆள் பத்தல. இன்னும் பதினோரு தொட்டில் இருந்தது. கை சொல்லுச்சு, நான் கேக்கல. வெள்ளிக்கிழமையும் அதேதான். கிண்ணம் குளிருதுன்னு தெரிஞ்சே காஞ்சிருச்சுன்னேன். பாவம், அந்த மனுஷன் குவளை..."

சொல்லி முடிக்காமல் தன் இரு கைகளையும் விரித்துப் பார்த்தாள். ஏழு மாதமாகக் குற்றவாளிகளைப்போல முந்தானைக்குள் அடைத்து வைத்திருந்த கைகள். நகக்கண்ணில் களிமண் காய்ந்திருந்தது.

கணவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "விசாரணையில என்ன சொன்ன?"

"எதுவும் தெரியலன்னு."

"அப்ப பொய் சொன்னியா?"

"அப்ப அது எனக்கே பொய்யா தெரியல. மறந்துட்டேன்னு சொல்றதா, மறைச்சுட்டேன்னு சொல்றதா... இப்ப ஞாபகம் வந்திருச்சு."

அவர் விடைத்தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டார். "இத போய் சொல்லப்போறியா? மூடின கோப்பு. வேலையே போயிரும். அது தெரியுதுல்ல?"

"தெரியுது."

"சொன்னா அந்தப் பிள்ளைக்குக் காது வந்துருமா?"

அவர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

மறுநாள் அவள் முதலில் போனது அச்சகக் கட்டடத்துக்கு. ஆசிரியை சூளையின் தட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். டிரைவர் மண்ணைத் தொடாமல் சக்கரத்தின் முன் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், உங்க மேல தப்பு இல்ல. என் கிண்ணத்தோட அடி ஈரமா இருந்தது" என்றாள் அவள்.

"அது எப்படிக்கா உங்களுக்கு..."

"கன்னத்துல வெச்சப்பவே தெரிஞ்சது."

சுரண்டும் ஓசை நின்றது. டிரைவர் தலையை உயர்த்தினார்.

"தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான் அண்ணா. எனக்கு அது இந்தத் தடவையே சூளை ஏறணும்னு இருந்தது."

டிரைவரிடமிருந்து ஒரு கேலியை அவள் எதிர்பார்த்திருந்தாள் போலும். அது வரவில்லை. அவர் எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த மழைச்சட்டையை எடுத்து நிதானமாகப் பொத்தான்களைப் போட்டார். "ஏழு தடவ சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டார்.

அந்தச் சொற்களைச் சுமந்துகொண்டுதான் அவள் மருத்துவமனைக்குப் போனாள். தலைமைச் செவிலி அவளோடு ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவள்; தனியே இருக்கும்போது 'வாடி' என்று அழைக்கும் உரிமையுள்ளவள். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"பைத்தியமாடி உனக்கு? உன்ன யாரு இப்ப கேட்டா?"

"அந்த அம்மா கேட்டாங்க. சில்லுனு இருக்கானான்னு கேட்டாங்க. அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. ஃபேன் காத்துன்னு சொல்லி நான்தான் அவங்க வாய அடைச்சேன். இந்த ஏழு மாசமா அவங்க தன்னையேதான் சந்தேகப்பட்டுட்டு இருப்பாங்க, தெரியுமா? தாய்க்குத் தெரியாதான்னு ஊரே கேட்டிருக்கும்."

தலைமைச் செவிலி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"எழுதிக்கொடுத்தா நான் மேல அனுப்பித்தான் ஆகணும். அதுக்கப்புறம் என்னால உன்னக் காப்பாத்த முடியாது."

"பேனா கொடு."

ஒன்றரைப் பக்கம் எழுதினாள். இரண்டு மணி என்பதையும், புறங்கை என்பதையும், தாய் கேட்ட கேள்வியையும், தான் சொன்ன மறுமொழியையும் அப்படியே எழுதினாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: கைக்குக் குளிர் தெரிந்தால், நேரம் பார்க்காமல் உடனே அளக்கவேண்டும் என்று விதி வேண்டும்; தாய் கேட்டால் கட்டாயம் அளக்கவேண்டும். கையொப்பமிட்டபோது எழுத்து நடுங்கவில்லை. ஆறுதலும் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தன் இடத்துக்குத் திரும்பி வந்து அமர்ந்தது. அமர்ந்த இடம் வலித்தது.

மீண்டும் விசாரணை நடக்கும் என்ற கடிதம் அடுத்த வாரம் வந்தது. கணவர் அதை இரண்டு முறை படித்து அலமாரியில் வைத்தார். "அன்னிக்கு நானும் கூட வரேன்" என்று மட்டும் சொன்னார்.

அவள் மண்ணை விடவில்லை. எவரோடும் பேசாமல் ஓரத்துச் சக்கரத்தில் அமர்ந்து பழகினாள். டிரைவர் நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, அவளைப் பாராமல், மண்ணை அறைந்து பிசைந்தார். எட்டாவது குவளை ஒரே வாரத்தில் எழுந்தது. அது உலர்ந்துகொண்டிருந்த நாளில் ஆசிரியை சொன்னாள்: "அண்ணாவுக்காகச் சின்னதா ஒரு சூளை ஏத்தலாம்னு இருக்கேன். எல்லாரும் பாத்துச் சொல்லுங்க."

டிரைவர் தம் குவளையைக் கன்னத்தில் வைத்தார். வலக்கன்னம், இடக்கன்னம். முகம் சுளித்தார். திரும்பி அறையின் ஓரத்துக்கு நடந்து வந்து, மூன்று வாரத்தில் முதன்முறையாக அவள் முன் நின்றார்.

"சிஸ்டர். பிடிங்க."

அவள் சேற்றுக்கையைத் துடைத்துக்கொண்டாள். "நானா அண்ணா?"

"நீங்கதான். இனிமே நீங்க பொய் சொல்லமாட்டீங்க. மத்தவங்கள நான் அப்படிச் சொல்ல முடியாது."

குவளையை வாங்கினாள். அது மிக இலேசாக இருந்தது. வயிற்றுப்பகுதி, அடி, விளிம்பு என்று ஒவ்வோரிடமாகக் கன்னத்தில் வைத்தாள். இடக்கைப்பிடி உடலோடு ஒட்டியிருந்த இடத்தில் நின்றாள். மறுபடி வைத்தாள்.

"ஈரம் இருக்கு அண்ணா."

"எங்க?"

"இங்க, ஒட்டின இடத்துல. ஒரு கடுகளவு."

"எனக்குத் தெரியலயே."

"இருக்கு. இன்னும் நாலு நாள் வைங்க."

"நாலு நாளா!" டிரைவர் கூரையைப் பார்த்தார். அவர் தாடை இறுகித் தளர்ந்தது. "சரி. சிவப்பு விழுந்தா நிக்கத்தானே வேணும். ரோடு காலியா இருக்குன்னு போனவன் எவன் உருப்பட்டான்" என்று முணுமுணுத்துக் குவளையை வாங்கித் தட்டில் வைத்தார். பிறகு, அவளைப் பார்க்காமலே கேட்டார்: "உங்க மக எப்படி இருக்கு?"

"இன்னிக்கோ நாளைக்கோ."

மறுநாள் காலை பெண்குழந்தை பிறந்தது. செய்தி வந்தபோது அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். "பாட்டியாயிட்டீங்க மேடம், பெஞ்ச் மேல ஏறி நில்லுங்க" என்று சொன்ன கணவரின் கண்கள் கலங்கியிருந்தன. மருத்துவமனையில் மூன்று நாளும் அவள் கட்டிலின் பக்கத்தில் நின்றாள், துணி மடித்தாள், மகளுக்குத் தலைவாரினாள். குழந்தையைத் தொடவில்லை. மகள் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான்காம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்தது. மழை அன்று சற்றே நூலிழையாகியிருந்தது. அறைக்குள் மகள் குழந்தையோடு கட்டிலில் உட்கார்ந்து, இனிப் பொறுக்கமுடியாது என்பதுபோலச் சொன்னாள்: "அம்மா, இவ என் பிள்ளம்மா. உன்ன ஒண்ணும் கடிச்சுட மாட்டா. எத்தன நாள் தள்ளித் தள்ளி நிப்ப?"

"வரேன்டி. ஒரு நிமிஷம்."

அவள் வழிபாட்டு மூலைக்குப் போனாள். துணிப்பையிலிருந்து அந்தக் கிண்ணத்தின் ஓட்டுத்துண்டை எடுத்தாள். தீயில் வெந்து சிவந்து, உள்ளங்கைபோல் வளைந்திருந்த துண்டு. அதில் சிறிது எண்ணெய் வார்த்தாள். மண் கொஞ்சம் குடித்தது, மறுபடியும் வார்த்தாள். திரியிட்டு ஏற்றினாள். ஈரக்காற்றில் சுடர் தயங்கி, படுத்து, எழுந்தது.

பெருமானே, உன்னோடு பேரம் பேசினேன், பொறுத்தருள். முழுதாக வந்தால் தொடுவேன் என்றேன். முழுதாக எதுவும் வரவில்லை. இந்த ஓடுதான் வந்தது. இந்தச் சுடர் என் வீட்டுப் பிள்ளைக்காக அன்று. ஓசையறியாத அந்தப் பிள்ளைக்காக. என் பிழையை நீ பொறுத்தாலும் பொறுக்காவிட்டாலும், அவனோடு இரு. அவன் தாயோடு இரு.

நிலத்தில் நெற்றி பட வணங்கினாள். எழுந்து கைகளைக் கழுவினாள். வெதுவெதுப்பாகும்வரை ஒன்றோடொன்று தேய்த்தாள். அறைக்கு வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

மகள் குழந்தையை வைத்தாள். கைகள் நடுங்கின. நடுங்கியபடியே தாங்கின. அவள் குனிந்து தன் கன்னத்தைக் குழந்தையின் கன்னத்தில் வைத்து, அசையாமல், மூச்சை அடக்கிக் கேட்டாள். பிறகு உள்ளங்கால்களைப் புறங்கையால் தொட்டாள்.

"எப்படிம்மா இருக்கா?"

"கதகதன்னு இருக்கா. இருந்தாலும் அந்தத் தெர்மாமீட்டர எடு."

"அம்மா! நீயே ஒரு தெர்மாமீட்டர்தானே?"

"எடுடி."

அளவு சரியாக இருந்தது. குழந்தை கொட்டாவி விட்டு, அவள் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டது. நகக்கண்ணில் இன்னும் களிமண் இருந்த விரல். அடுத்த அறையில் ஓட்டுச்சுடர் எரிந்துகொண்டிருந்தது. அலமாரியில் விசாரணைக் கடிதம் இருந்தது. அவள் குழந்தையின் செவியருகே வாயை வைத்து, மிக மெல்லச் சொன்னாள்:

"நல்லா இருடி கண்ணு. நீ குளிருதுன்னா, குளிருதுன்னு கேக்கறவங்க உன் பக்கத்துல எப்பவும் இருக்கட்டும். நீயும் அப்படியே இரு. அவனும் நல்லா இருக்கட்டும்."